படாளத்தில் காற்றின் கணக்கு

ஜி.எஸ்.டி. சாலையை விட்டு வேடந்தாங்கலுக்குத் திரும்பும் படாளம் கூட்ரோட்டுப் பக்கம் அந்த ஒர்க்‌ஷாப். தகரக் கூரை, இரண்டு கார் நிற்க இடம். நான் போனபோது ஒரு பழைய 1.6 லிட்டர் பெட்ரோல் கார் பானட் திறந்து நின்றது. “ஐடிலிங்ல ஒண்ணும் தெரியல. மேடு ஏறினா இழுக்கவே மாட்டேங்குது அண்ணே” என்றார் அதை வாடகைக்கு ஓட்டும் இளைஞர். வேறோர் இடத்தில் ஸ்கேனரில் ‘பி 0101’ வந்ததைப் பார்த்து ஏர் ஃப்ளோ சென்சாரை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய்.

“கணக்கு பொருந்தலைன்னுதான் அந்த கோடு சொல்லுது தம்பி. யார் மேல தப்புன்னு சொல்லல” என்றார் மெக்கானிக்.

ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கிறது இந்த சென்சார். உள்ளே, மின்சாரத்தால் சூடேறிய மெல்லிய கம்பி. காற்று அதைக் குளிர்விக்கும். சூடு குறையாமல் வைத்திருக்க எவ்வளவு கரண்ட் செலவாகிறதோ, அதை வைத்து உள்ளே போகும் காற்றின் எடை தெரியும். அந்த எடைக்குத்தான் பெட்ரோல். கம்பியில் அழுக்கு படிந்தால் காற்று குறைவாகத் தெரியும், பெட்ரோலும் குறைந்துவிடும். 1980களின் போஷ் எல்.எச்-ஜெட்ரானிக்கில், எஞ்சினை அணைத்ததும் பிளாட்டினக் கம்பி சுமார் 1000 டிகிரிக்குச் சூடேறித் தன் அழுக்கைத் தானே எரித்துக்கொள்ளும். பின்னால் வந்த பல சென்சார்களில் அந்த வசதி இல்லை. அவற்றுக்கு ஃபில்டர்தான் காவல்.

மெக்கானிக் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. சென்சாருக்கு அப்புறம் போகும் ரப்பர் ஹோஸை மடக்கி மடக்கி வெடிப்பு தேடினார். கிளாம்ப், சாக்கெட், ஒயர் எல்லாம் பார்த்தார். பிறகு ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம். கம்ப்யூட்டர் தானாக எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டிக் கொடுக்கிறது என்ற எண் அது. சென்சாரைத் தாண்டி எங்காவது காற்று கசிந்தால் ஐடிலிங்கில் அந்த எண் அதிகமாக இருந்து, ரேஸ் கொடுக்கக் கொடுக்க இறங்கும். இங்கே நேர்மாறு: ஐடிலிங்கில் 4, ரேஸ் ஏற ஏற 20ஐத் தாண்டியது. இந்த ஒரு வித்தியாசத்தைப் படிக்கத் தெரிந்ததுதான் அவர் தொழில் என்று எனக்குப் பட்டது.

லோடு கொடுத்துப் பார்க்க ஜி.எஸ்.டி. சாலைக்கே போனோம். வேடந்தாங்கல் சாலையில் அவர் ரேஸ் பண்ணுவதில்லை. அங்கே ஏரிக்கு நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் வரும் காலம். அந்தப் பறவைகளுக்காக 1798லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை வாங்கிய ஊர். இந்தக் காரின் 100 குதிரைத்திறன் எஞ்சின் முழு வேகத்தில் நொடிக்கு 75, 80 கிராம் காற்று இழுக்க வேண்டும். ஸ்கேனரில் 55ஐத் தாண்டவில்லை.

சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். கம்பியில் சாம்பல் நிறப் படிவு. அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயைத் தள்ளி நின்று அடித்தார். துணியோ விரலோ பட விடவில்லை. கார்புரேட்டர் கிளீனர் கூடாது, கம்ப்ரஸர் காற்றும் கூடாது. தானாக உலரும் வரை காத்திருந்தோம்.

அதற்குள் ஃபில்டரை எடுத்துப் பார்த்தார். மடிப்பில் ஓரிடத்தில் கிழிசல். கல்குவாரி லாரிகள் கிளப்பும் தூசு, அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசு இரண்டும் உண்டு இந்தப் பக்கம். போதாததற்கு யாரோ வெளிப்பக்கத்திலிருந்து கம்ப்ரஸர் காற்றை அடித்து, தூசியை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். உள்ளிருந்து வெளியேதான் ஊத வேண்டும், அதுவும் மெதுவாக. இதைச் சொல்லாமல் சென்சாரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால், வண்டியை நம்பிப் பிழைக்கிறவருக்கு அது அநியாயம்.

புது ஃபில்டர் போட்டு, பழைய ட்ரிம் கணக்கை அழித்து, மறுபடி சாலைக்குப் போனோம். இப்போது நொடிக்கு 74 கிராம் காட்டியது. அவருக்கு அது போதவில்லை.

“பத்து நாள் ஓட்டிட்டு வா தம்பி. ட்ரிம் திரும்ப ஏறியிருந்தா அப்ப புது சென்சார் போடலாம்.”