பொங்குமாகடல்

குற்றாலத்துக்கு இரண்டு விதமாகப் போகலாம். தனியாகப் போனால் குளித்துவிட்டு வரலாம். குடும்பத்தோடு போனால், குளிப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்துவிட்டு வரலாம்.

நீங்களும் போயிருப்பீர்கள். வேனில் ஜன்னல் ஸீட்டுக்கு நடக்கும் சண்டை, எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு பாத்ரூமுக்குப் போகும் மாமா, இருபது பேருக்கு இருக்கிற ஒரே சீப்பு, ‘நான் குளிக்கலைப்பா, சும்மா பார்க்கத்தான் வந்தேன்’ என்று சொல்லிவிட்டு, கடைசியில் அருவியை விட்டு வெளியே வர மறுக்கும் மதினி... எல்லா வீட்டிலும் இதே சரக்குதான். ஆள்தான் வேறு.

எங்கள் குடும்பத்தில் இது வருடாந்திரச் சடங்கு. இந்தத் தடவை மொத்தம் 23 பேர். சென்னை, மதுரை, தூத்துக்குடி, பெங்களூர் என்று நாலா திசையிலிருந்தும் வந்து சேர வேண்டும். ஏப்ரல் மாதமே வாட்ஸ்ஆப்பில் ஒரு குரூப் ஆரம்பித்துவிடுவார்கள். மே முழுக்க அதில் குட்மார்னிங் மட்டும் வரும். ஜூனில் தேதிச் சண்டை.

குற்றாலத்துக்குத் தேதி குறிப்பது கல்யாணத்துக்குக் குறிப்பதைவிடக் கஷ்டம். தென்மேற்குப் பருவமழை கேரளாவில் கொட்ட வேண்டும். அந்தக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து, மிச்சம் மீதி ஈரத்தை இந்தப் பக்கம் சாரலாகத் தூவ வேண்டும். மலை மேலும் மழை பெய்ய வேண்டும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சீசன் என்பது பொதுக் கணக்கு. மழை குறைந்தால் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கூடினால் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார். பேரருவியில் அந்த ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் தடைதான்.

இந்தத் தடையைப் பார்த்து முணுமுணுக்காத கூட்டம் கிடையாது. ஆனால், 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் கண் மூடித் திறப்பதற்குள் வந்த வெள்ளம், 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் வேனில் யாரும் விசில் சத்தத்துக்கு முகம் சுளிப்பதில்லை. ஆக, தண்ணீர் இல்லாவிட்டாலும் குளிக்க முடியாது. ரொம்ப இருந்தாலும் குளிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு நாளை 23 பேரும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும்.

பி.காம். படித்த பாவத்துக்காக, வரவு செலவு எப்போதும் என் தலையில். வேன், ரூம், சாப்பாடு, இதரம் என்று நாலு தலைப்பு. இந்த ‘இதரம்’ இருக்கிறதே, அதில்தான் எல்லா வில்லங்கமும். மங்குஸ்தான், ரம்புட்டான், நேந்திரங்காய் சிப்ஸ், குரங்கு பிடுங்கிக்கொண்டு போன முறுக்கு பாக்கெட்டுக்கு மாற்று பாக்கெட்...

கணக்கு எழுதுகிறவர்கள் வசதிக்காகக் கண்டுபிடித்த ஒரு சங்கதி உண்டு. சஸ்பென்ஸ் அக்கவுண்ட். இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்து ‘டேலி’ ஆகவில்லை என்றால், வித்தியாசத்தைத் தூக்கி அதில் போட்டுவிட்டு ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று வீட்டுக்குப் போய்விடலாம். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் பதினோரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் பெரியப்பா. மறு பக்கம் சித்தப்பா.

பூர்வீக வீட்டை இரண்டாகப் பிரித்தபோது, நடுவே 3 அடி அகலத்தில் ஒரு சந்து மிஞ்சியது. அது யாருக்கு என்பதுதான் பிரச்னை. அந்தச் சந்தில் சைக்கிளைக்கூடத் திருப்ப முடியாது. பூனைகள் மட்டும் இருதரப்புச் சம்மதத்தோடு போய் வருகின்றன. பெரியப்பாவுக்கு 78, சித்தப்பாவுக்கு 70. நேருக்கு நேர் பேச்சு கிடையாது. ஆனால், குற்றாலத்துக்கு இரண்டு பேரும் தவறாமல் வந்துவிடுவார்கள். காரணம், நடுவில் பிறந்த அத்தை. வயது 74. அவள் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லும் தைரியம் இரண்டு பேருக்கும் கிடையாது.

வேனில் அத்தைக்கு எப்போதும் நடு ஸீட். முன்னால் பெரியப்பா, பின்னால் சித்தப்பா. பேச்சுவார்த்தை இப்படி நடக்கும்.

பெரியப்பா: “அந்தக் கருமிப் பயலை, அவன் பங்குக் காசை ஒழுங்கா எடுத்து வைக்கச் சொல்லு.”

அத்தை பின்னால் திரும்பி: “ஏல, அண்ணன் கேக்காவ... கைல காசு இருக்கா, இல்லைன்னா அவுக போட்டுக்கிடட்டுமான்னு.”

சித்தப்பா: “அவருக்கென்ன, மாசம் பொறந்தா பென்சன் வருது. பேசத்தான் செய்வாரு.”

அத்தை முன்னால் திரும்பி: “தம்பி சொல்லுதான், அண்ணன் இருக்கும்போது எனக்கு என்ன கவலைன்னு.”

இத்தனைக்கும் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் தெளிவாக விழும். வேன் ஒன்றும் அவ்வளவு நீளமில்லை. ஆனாலும் இரண்டு பேரும் அத்தையின் வாயிலிருந்து வந்ததைத்தான் அதிகாரபூர்வமாக எடுத்துக்கொள்வார்கள். மொழிபெயர்ப்புக்கு சாகித்ய அகாடமி பரிசெல்லாம் தருகிறார்கள். அத்தையின் பெயரை இதுவரை யாரும் சிபாரிசு செய்யவில்லை.

பொதிகை எக்ஸ்பிரஸில் போய்க் காலையில் தென்காசியில் இறங்கினோம். வழக்கம்போல முதலில் காசி விசுவநாதர் கோயில். ராஜகோபுர வாசலைத் தாண்டியதும் மேற்கிலிருந்து ஒரு காற்று வந்து தள்ளும் பாருங்கள், நம்மை வரவேற்கிறதா, வெளியே போகச் சொல்கிறதா என்றே தெரியாது. வேட்டி கட்டியவர்கள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். சாமி கும்பிடக் கை மிச்சமிருக்காது.

15-ம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டியவர் பராக்கிரம பாண்டியன். ‘பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குச் சேதம் வந்து, அதை எடுத்துச் செப்பனிடுகிறவர்கள் யாரோ, அவர்கள் காலில் இப்போதே விழுகிறேன்’ என்ற பொருளில் கல்வெட்டில் வெட்டி வைத்தார். அவர் பயந்தது போலவே கோபுரம் சிதைந்து, வெகுகாலம் மொட்டையாக நின்றது. பிறகு ஊர் கூடி எழுப்பி, 1990-ல் கும்பாபிஷேகம் நடந்தது.

இந்தக் கதையை நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அத்தை பக்கத்தில் நின்று கேட்டாள். “இன்னும் பொறக்காதவன் கால்ல ராசாவே விழுந்திருக்கான். இந்த ரெண்டு பேருக்கும் வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேச வலிக்கு” என்றாள். அவள் யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. ஆனால், பெரியப்பா திடீரென்று கோபுரத்தின் நிலைகளை எண்ண ஆரம்பித்தார். சித்தப்பா செருப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர். அதிர்ஷ்டம், தடை இல்லை. அளவான தண்ணீர்.

பேரருவியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உச்சியிலிருந்து புறப்படும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. வழியில் பாறையில் ஆழமாக ஒரு பள்ளம் இருக்கிறது. தண்ணீர் முதலில் அதற்குள் விழுந்து, முட்டி மோதி, பொங்கி, அப்புறம்தான் வழிந்து கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளத்துக்குப் பெயர் பொங்குமாகடல். வேகத்தையெல்லாம் அது வாங்கிக்கொள்கிறது. இல்லாவிட்டால் அடியில் நின்று ‘ஆஹா’ என்று சொல்ல நமக்கு மண்டை இருக்காது. கீழே நிற்பவர்களுக்கு அந்தப் பள்ளத்துக்குள் நடப்பது எதுவும் தெரியாது. ‘என்னமா இதமா விழுது’ என்று நல்ல பெயரெல்லாம் அருவிக்குத்தான்.

அத்தை இந்த வருடம் குளிக்க வரவில்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டது. படியில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் ஆறு செல்போன், நாலு கண்ணாடி, மூன்று சங்கிலி, ஒரு பல் செட். எங்கள் நடமாடும் லாக்கர்.

ஆண்கள் பக்கத்தில் கூட்டமான கூட்டம். முன்பெல்லாம் பெரியப்பா நல்லெண்ணெயைத் தலையிலிருந்து கால்வரை தேய்த்துக்கொண்டுதான் அருவிக்குள் போவார். எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கெல்லாம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை போட்ட பிறகு, ‘வெறும் தண்ணியில நனையறதுக்கு வீட்டு ஷவர் போதாதா’ என்று அலுத்துக்கொள்வார். ஆனால், முதலில் போய் நிற்பவரும் அவர்தான்.

அன்றைக்கும் அப்படித்தான் போனார். பின்னாலிருந்து ஒரு கல்லூரிக் கூட்டம் ‘ஓ’வென்று கத்திக்கொண்டு நெருக்கியது. கண்ணாடி இல்லாத பெரியப்பா தடுமாறினார். கால் வழுக்கியது. நான் நாலு ஆள் தள்ளி நிற்கிறேன், எட்டவில்லை. எங்கிருந்தோ ஒரு கை வந்து அவர் புஜத்தைப் பிடித்தது. சித்தப்பாவின் கை. பிடித்த கையை விடாமல், மறு கையால் பாறையோரக் கம்பியைப் பற்றிக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் நின்றார்கள். இரண்டு பேரின் வாயும் அசைந்தது. அந்த இரைச்சலில் எனக்கு ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அத்தைதான் முதலில் கேட்டாள்.

“என்ன பேசிக்கிட்டிய?”

“தள்ளி நில்லுன்னேன்” என்றார் பெரியப்பா, தலையைத் துவட்டிக்கொண்டே.

“பிடிச்சுக்கோன்னாரு” என்றார் சித்தப்பா, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அத்தை இரண்டையும் கேட்டுக்கொண்டு, ஆளுக்கொரு கண்ணாடியை எடுத்து நீட்டினாள். இரண்டும் மாறிப்போயிருந்தது. அவளுக்குக் கண் நன்றாகத்தான் தெரியும்.

உடனே இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். கண்ணாடியை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். மத்தியானம் பிரானூரில் பார்டர் பரோட்டா சாப்பிடும்போது தனித்தனி மேஜை. செங்கோட்டை 1956 வரைக்கும் மலையாள ராஜ்யத்தோடு இருந்தது. மாநில எல்லையை மாற்றிப் போட்டு இத்தனை வருடமாகியும் பரோட்டா மட்டும் ‘பார்டரை’ விடவில்லை. எங்கள் வீட்டுப் பார்டர் மட்டும் ஒரே நாளில் போய்விடுமா?

திரும்பி வரும்போதுதான் அத்தை குண்டைப் போட்டாள். அடுத்த மாதம் முழங்கால் ஆபரேஷன். “இனி என்னால வேன்ல ஏறி இறங்க முடியாதுய்யா. இதான் கடைசி. அடுத்த வருசம் நீங்களே பேசி, நீங்களே வாங்க.”

வேனுக்குள் சத்தமே இல்லை. என் பையன்கூடக் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டான்.

பெரியப்பாவின் சிக்கல் உங்களுக்குப் புரிகிறதா? கேட்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அதை யார் மூலமாகக் கேட்பது? விஷயமே அத்தைதான். அவளிடமே சொல்லி அனுப்ப முடியாது. கொஞ்ச நேரம் கனைத்துப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் சொன்னார்:

“தம்பி... பின்னால இருக்கவர்ட்ட கேளுங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட யாரு போறதுன்னு.”

டிரைவர் பாவம், அன்றைக்குத்தான் எங்களைப் பார்க்கிறார். கண்ணாடி வழியே பின்னால் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா பதில் சொல்லிவிட்டார்.

“ரெண்டு பேருமா போவோம்னு சொல்லுங்க தம்பி.”

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் மொழிபெயர்க்காமல் விட்ட முதல் வாக்கியம் அது.

ஊருக்கு வந்து கணக்கை முடித்து, குரூப்பில் போட்டுவிட்டேன். இந்தத் தடவை பைசா சுத்தமாக டேலி. ஆனால், ஒரு வரவை எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியவில்லை. 23 பேர் இத்தனை வருடம் ஒரே வேனில் ஏறினோமே, அதற்கு நடு ஸீட்டில் உட்கார்ந்திருந்தவள் வாங்கிக்கொண்ட இடியெல்லாம் யார் கணக்கு? அடுத்த வருடம் அந்த ஸீட்டில் யார் உட்காருவது? என் தலைமுறையில் ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் நன்றாகப் பேசுகிறோம். ஆனால், ஒருவர் சொன்னதில் பாதியை முழுங்கிவிட்டு மீதியை மற்றவரிடம் நல்லவிதமாகச் சொல்ல யாருக்கும் தெரியவில்லை. வந்த மெஸேஜை அப்படியே ‘ஃபார்வர்ட்’ செய்கிற ஆட்கள் நாங்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் ஆள் கட்டாயம் இருப்பார். யோசித்துப் பாருங்கள். எவ்வளவு யோசித்தும் யாரும் ஞாபகத்துக்கு வரவில்லையென்றால், ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.