வான்வழித் தூரமும் வாசல்வழி நேரமும்

திருச்சி விமான நிலையத்தையும் சென்னை விமான நிலையத்தையும் வரைபடத்தில் நேர்கோடு போட்டு இணைத்தால், அந்தக் கோடு பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே போகிறது. நீளம் ஏறத்தாழ 290 கி.மீ. மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும் ஏடிஆர் விமானத்துக்கு இது முப்பத்தைந்து நிமிடத் தூரம். ஆனால் கால அட்டவணையில் சுமார் ஒரு மணி நேரம் என்றுதான் இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, மேலேற, இறங்க முறை வரும்வரை வட்டமிட என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த மீதி நேரம். தூரம் குறைந்தாலும் இந்தச் செலவு குறைவதில்லை. ஆகவே, விமான நிலையங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை வைத்துப் பயண நேரத்தைக் கணக்கிட்டால், சொந்த விமான நிலையம் இல்லாத இந்த இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கும் அந்தக் கணக்கு உதவாது.

பெரம்பலூர்க்காரர் சென்னைக்குப் பறக்க வேண்டுமென்றால், முதலில் சென்னைக்கு எதிர்த்திசையில் 60 கி.மீ. திருச்சிக்குப் போக வேண்டும். பிறகு தன் ஊர்ப்பக்கமாகவே வானில் திரும்பி வர வேண்டும். சாலையில் ஒன்றேகால் மணி, சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை மணி, பறக்க ஒரு மணி, மீனம்பாக்கத்தில் இறங்கி எழும்பூர் போய்ச் சேர இன்னொரு மணி. கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரத்தை நெருங்குகிறது. பெரம்பலூரில் காரில் ஏறினால், நெடுஞ்சாலையில் சுமார் 270 கி.மீ. தூரத்தை ஏறத்தாழ அதே நேரத்தில் முடித்துவிடலாம். அரியலூர்க்காரர் நிலை இன்னும் மேல். வைகை எக்ஸ்பிரஸ் அவரை நான்கு மணி நேர அளவில் எழும்பூரிலேயே, நகரத்தின் நடுவிலேயே இறக்கிவிடுகிறது.

இதைச் சொன்னால், துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்களை மறந்துவிட்டாயா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பல மணி நேரம் பறக்கும் பயணத்தில் அந்த ஒன்றேகால் மணியும் காத்திருப்பும் சிறு பங்கு. அவர்களுக்குத் திருச்சி விமான நிலையம் பெரிய வரம். அங்கே 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட புதிய முனையத்தை இந்த மாவட்டங்களும் தங்களுடையதாகவே எண்ணலாம். ஆனால் அந்த நியாயத்தைக் காட்டி, இங்கும் ஒரு சிறு விமான நிலையம் வேண்டும் என்று கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே ஓடுபாதை வந்தால் முதல் 60 கி.மீ. மிச்சமாகும், அவ்வளவுதான், சோதனையும் காத்திருப்பும் சென்னை நகருக்குள் போகும் பயணமும் அப்படியே இருக்கும். சேலத்தைப் பாருங்கள். சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தில் 2018இல் தொடங்கிய சென்னை விமானம் 2021இல் நின்றுபோனது. 2023 அக்டோபரில்தான் மறுபடி சேவை வந்தது. பெரிய தொழில் நகருக்கே இந்த நிலை என்றால், சாலையும் ரயிலும் விமானத்துக்கு ஈடு கொடுக்கும் தூரத்திலுள்ள பெரம்பலூருக்கு எந்த நிறுவனம் நிலையாகப் பறக்கும்?

உண்மையான இடைவெளி தரையில் இருக்கிறது. பெரம்பலூரும் அரியலூரும் நேர்கோட்டில் இருபத்துச் சொச்சம் கி.மீ., சாலையில் 30 கி.மீ. ஒரு மாவட்டத் தலைநகரில் ரயில் நிலையம் இருக்கிறது, மற்றதில் இல்லை. நடுவிலுள்ள சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் லாரிகளும் பேருந்துகளோடு வழிக்குப் போட்டி போடுகின்றன. அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாக நாமக்கல்லுக்கு ரயில் பாதை கேட்பது பழைய கோரிக்கை. அது வரும்வரை, வைகை வரும் நேரத்துக்குப் பொருந்தும் பேருந்துகளும் லாரிகளுக்கு ஒதுங்காமல் போகும் அகலமான சாலையும் இருந்தால், அரை மணியில் அரியலூர் நிலையத்தை எட்டலாம். அப்போது பெரம்பலூரிலிருந்து எழும்பூர் சுமார் நாலரை மணி நேரம். விமானத்தில் போவதைவிடக் குறைவு, செலவும் அதில் சிறு பகுதிதான்.