அக்காவின் கையெழுத்து

2018இல் முனைவர் பட்ட ஆய்வுக்கு எனக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. வீட்டில் பிரிட்டனிலிருந்து வந்த ஒன்றைத்தான் சொன்னேன்.

நான் மறைத்தது ஜெர்மனியிலிருந்து வந்ததை. அங்கே ஆய்வு மாணவர்கள் பலரை வேலைக்கே எடுத்துக்கொள்கிறார்கள். ஒப்பந்தம், மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு. கல்விக் கட்டணம் கிடையாது. முழுச் சம்பளத்தில் 65 விழுக்காடு தருவதாக எனக்கு எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த ஊரின் பெயரை எங்கள் அருப்புக்கோட்டையில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பிரிட்டன் பல்கலைக்கழகத்தின் பெயரோ எங்கள் தெருவுக்கே தெரியும். அந்தப் பெயருக்காகத்தான் போனேன். ஆய்வுத் தலைப்பு, வழிகாட்டி என்று மற்றவர்களிடம் சொன்ன காரணமெல்லாம் பிறகு தேடிக்கொண்டவை.

பிரிட்டன் அரசு ஆய்வு மன்றங்களின் முழு உதவித்தொகை அப்போது இந்திய மாணவர்களுக்கு எட்டாதது. 2021இல்தான் எல்லா வெளிநாட்டினருக்கும் திறந்தார்கள், அதுவும் மொத்த இடங்களில் 30 விழுக்காடு வரைதான். எனக்குக் கிடைத்தது கட்டணத்தில் சிறு தள்ளுபடி. "ஸ்காலர்ஷிப் உண்டாடா?" என்று மாமா கேட்டார். "உண்டு மாமா" என்றேன். அது பொய். அவர் மொத்தச் செலவையும் மனதில் வைத்துத்தான் கேட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஈடு கேட்கும். அம்மா பேரில் இருந்த வீட்டின் மூலப்பத்திரம் போனது. அப்பா இல்லை, அக்காதான் இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டாள். விசாவுக்கு மாதம் 1,015 பவுண்டு வீதம் ஒன்பது மாதச் செலவுப் பணம், 28 நாள் குறையாமல் கணக்கில் இருக்கவேண்டியிருந்தது. அதற்கு அவள் நகையை அடகு வைத்தாள். வைக்கச் சொன்னது நான். ஜெர்மனிக்குப் பதில் எழுதக் கெடு அப்போதும் முடிந்திருக்கவில்லை.

படிப்பை முடித்தேன். படித்த காலத்தில் வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க விசா அனுமதிக்கவில்லை. அந்த வருமானம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போனது. வட்டி ஊரில் ஏறிக்கொண்டே இருந்தது.

பிறகு அக்கா வீடு கட்ட வங்கியில் கடன் கேட்டுப் போனாள். என் கடனும் அவள் கணக்கில்தான் நிற்கிறது என்று சொல்லி, கேட்ட தொகையில் பாதிகூடத் தர மறுத்துவிட்டார்கள். அன்றுதான் ஜெர்மனிக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அப்பவே காட்டியிருந்தா, அங்கேயே போடான்னு சொல்லியிருப்பேன். அதனாலதானே காட்டல?" என்றாள்.

"ஆமாக்கா."

நான் மறந்துவிடவும் இல்லை, தெரியாமல் செய்யவும் இல்லை. அவள் என்ன சொல்வாள் என்று தெரிந்துதான் அவளுக்கு அந்த வாய்ப்பைத் தராமல் கையெழுத்தை வாங்கினேன். இப்போது தவணை முழுவதையும் நான்தான் கட்டுகிறேன். ஆனாலும் கடன் தீரும்வரை அவள் பெயர் அதிலிருந்து நீங்காது. அஸ்திவாரத்தோடு நிற்கும் வீட்டுக்கு அவள் வெளியில் கூடுதல் வட்டிக்குப் பணம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.