சோற்றின் மேல் விழுந்த பழி

“சோறு தின்டா மொத்தும்.” இந்த வார்த்தையை முதன்முதலில் யாரிடம் கேட்டேன் என்பது நினைவில்லை. உம்மா சொல்லியிருக்கிறார். மாமி சொல்லியிருக்கிறார். சல்வார் தைக்கும் ராத்தா அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் கலியாணம் பேசும் வீடுகளில் இது ஏறக்குறைய ஒரு சட்டம். பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் முதலில் குறைக்கப்படுவது அவளுடைய சோறுதான். தேநீரில் போடும் சீனியும் மாலையில் வாங்கும் ரோல்ஸும் யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கின்றேன். காபோவைதரேற்று, புரதம், கொழுப்பு என்று பரீட்சைக்காகப் பாடமாக்கியவள்தான். ஆனால் அந்தப் பாடத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்க்கச் செய்தவர் என் மூத்த ராத்தா. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகின்றேன்.

கடந்த வருடம் ராத்தாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. வந்தவர்கள் நன்றாகத்தான் பேசிவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் கழித்து இடையில் நின்றவர் மூலமாக ஒரு செய்தி வந்தது: “புள்ள நல்லம். கொஞ்சம் மொத்தம்.” அன்றிரவே ராத்தா சோற்றுப் பீங்கானைத் தள்ளி வைத்தார். பாண் இல்லை, இடியப்பம் இல்லை, பிட்டு இல்லை, வாழைப்பழமும் இல்லை. முட்டை, கோழி, கொஞ்சம் மரக்கறி. அவ்வளவுதான்.

முதல் வாரம் இரண்டரைக் கிலோ குறைந்தது. வீடே சந்தோஷப்பட்டது. “பாத்தீங்களா, எல்லாம் சோறுதான்” என்றார் மாமி. இரண்டாம் வாரம் அரைக் கிலோகூட இறங்கவில்லை. ஐந்தாம் வாரம் மாடிப்படி ஏறும்போது ராத்தாவுக்குத் தலை சுற்றியது. அதன் பிறகு ஒரு சொந்தக்காரரின் வலீமா. சஹனைச் சுற்றி எல்லோரும் இருக்கும்போது தான் மட்டும் எழும்பிப் போக முடியாமல் ராத்தாவும் சாப்பிட்டார். மறுநாளும் வீட்டில் அதே புரியாணி மிச்சம். மூன்றாம் நாள் தராசில் ஏறினால் இரண்டு கிலோ கூடியிருந்தது. ராத்தா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். “நான் சோத்தப் பாத்தாலே மொத்துற சாதி” என்றார்.

அந்த அழுகைதான் என்னைப் புத்தகத்திடம் அனுப்பியது. இரண்டு நாளில் இரண்டு கிலோ கொழுப்பு எப்படி வரும்?

கணக்கு எளியது. ஒரு கிராம் காபோவைதரேற்றில் ஏறத்தாழ 4 கிலோ கலோரி சக்தி உண்டு. புரதத்திலும் அதே 4. கொழுப்பில் 9. நாம் உண்ணும் மாப்பொருள் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. உடனே தேவைப்படாத குளுக்கோசை ஈரலும் தசைகளும் கிளைக்கோசனாகச் சேமித்து வைக்கின்றன. வளர்ந்த ஒருவரின் உடலில் இப்படிச் சுமார் 500 கிராம் கிளைக்கோசன் இருக்கலாம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனும் தன்னோடு சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே சோற்றையும் பாணையும் ஒரேயடியாக நிறுத்தினால், கிளைக்கோசன் செலவாகி, அதனோடு இருந்த நீரும் வெளியேறும். இரண்டு கிலோ வரை தராசில் இறங்கிவிடும். அதில் கொழுப்பு மிகக் கொஞ்சம். திரும்பச் சோறு சாப்பிட்டால் அந்த நீர் திரும்பி வரும். ராத்தா முதல் வாரம் இழந்ததும், வலீமா முடிந்து பெற்றதும் பெரும்பாலும் தண்ணீர்தான்.

இதை ராத்தாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. “அப்ப ஏன் எல்லாரும் சோத்தச் சொல்லுறாங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

இந்தப் பேச்சு நமது ஊரில் பிறந்ததல்ல. லண்டனில் மரண அடக்க ஏற்பாடுகள் செய்யும் தொழில் நடத்திய வில்லியம் பாண்டிங் என்பவர், பாணையும் சீனியையும் உருளைக்கிழங்கையும் விட்டு உடல் மெலிந்த கதையை 1863இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அது பெரும் புகழ் பெற்றது. 1972இல் அமெரிக்க வைத்தியர் ரொபேர்ட் அட்கின்ஸ் அதே வழியை வேறு விதமாக எழுதினார். பின்னர் வந்தவர்கள் ஒரு விளக்கமும் சேர்த்தார்கள். காபோவைதரேற்று இன்சுலினைக் கூட்டுகிறது, இன்சுலின் கொழுப்பைச் சேமிக்கிறது, ஆகவே எவ்வளவு சாப்பிட்டோம் என்பதைவிடக் காபோவைதரேற்றே காரணம் என்பது அவர்களது வாதம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. இன்சுலின் கொழுப்புச் சேமிப்புக்கு உதவுகிறது என்பதும் உண்மைதான்.

ஆனால் வாதத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? அப்போது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தில் இருந்த கெவின் ஹோலும் அவரது குழுவினரும் உடற்பருமன் உள்ள 19 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்க வைத்துச் சோதித்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. ஒரு முறை அவர்களது உணவில் காபோவைதரேற்றைக் குறைத்தார்கள். இன்னொரு முறை அதே அளவு கலோரியைக் கொழுப்பிலிருந்து குறைத்தார்கள். ஒவ்வொன்றும் ஆறு நாட்கள். காபோவைதரேற்றைக் குறைத்தபோது இன்சுலின் இறங்கியது; நாளொன்றுக்கு 53 கிராம் உடற்கொழுப்புப் போனது. கொழுப்பைக் குறைத்தபோது நாளொன்றுக்கு 89 கிராம் போனது. இன்சுலின்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

ஆறு நாள் போதாது என்பவர்களுக்கு இன்னோர் ஆய்வு உண்டு. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியினருக்குக் கொழுப்புக் குறைந்த உணவும் மறு பகுதியினருக்குக் காபோவைதரேற்றுக் குறைந்த உணவும் ஒரு வருடம் பழக்கினார்கள். இரு சாராரும் சீனியையும் தீட்டிய மாவையும் குறைத்து மரக்கறியைக் கூட்டும்படி கேட்கப்பட்டார்கள். 2018இல் வெளியான முடிவின்படி முதல் பகுதியினர் சராசரியாக 5.3 கிலோ, மற்றவர்கள் 6.0 கிலோ குறைந்திருந்தார்கள். சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

ஜப்பானின் ஒகினாவாத் தீவு மக்களின் பழைய உணவில் சக்தியின் பெரும்பகுதி வற்றாளைக் கிழங்கிலிருந்துதான் வந்தது. அவர்கள் மெலிந்தவர்களாகவும் நீண்ட ஆயுள் உடையவர்களாகவும் அறியப்பட்டவர்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். என் உம்மம்மா மூன்று வேளையும் சோறோ கஞ்சியோ சாப்பிட்டு வளர்ந்தவர். கிணற்றில் தண்ணீர் அள்ளி, நெல் குற்றி, வயலுக்குச் சாப்பாடு சுமந்து நடந்தவர். அவருடைய கலியாணப் படத்தைப் பார்த்தால் ராத்தாவின் கையில் பாதி அவருடைய கை.

அப்படியென்றால் சோறு எவ்வளவும் சாப்பிடலாமா? இல்லை. செலவாகும் சக்தியைவிட உள்ளே போகும் சக்தி நாளும் பொழுதும் கூடினால், அது சோறாக இருந்தாலும் இறைச்சியாக இருந்தாலும் உடல் வைக்கும். காபோவைதரேற்றுத் தாராளமாகக் கிடைக்கும்போது உடல் அதையே முதலில் எரித்துவிட்டு, கூடவே உண்ட கொழுப்பைப் பத்திரமாகச் சேமித்து வைக்கிறது. புரியாணியின் இரகசியம் இதுதான். அங்கே அரிசி தனியாக வருவதில்லை. நெய்யையும் எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

நாங்கள் இருவரும் ஒரு கொப்பியில் வீட்டுச் சாப்பாட்டை ஒரு வாரம் எழுதினோம். 100 கிராம் வெந்த சோற்றில் ஏறக்குறைய 130 கிலோ கலோரி. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 120. அதாவது பொரிக்கும்போது கவனியாமல் ஊற்றும் ஒரு கரண்டி எண்ணெய், நாங்கள் பயந்து பயந்து போடும் இரண்டு அகப்பைச் சோற்றுக்கு ஏறத்தாழச் சமம். ஒரு நாளைக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால், பத்துத் தேக்கரண்டி. 160 முதல் 200 கிலோ கலோரி வரை வயிறு நிறையாமலே உள்ளே போய்விடுகிறது. சோற்றை விட்டவுடன் பசிக்கிறது என்று ராத்தா இரவில் எடுத்த கிறீம் பிஸ்கட்டில் தீட்டிய மாவும் சீனியும் கொழுப்பும் மூன்றும் இருந்தன. அதை யாரும் சோற்றுக் கணக்கில் எழுதவில்லை.

கெவின் ஹோலின் 2019ஆம் ஆண்டு ஆய்வு இதை இன்னும் தெளிவாக்குகிறது. 20 பேருக்கு இரண்டு வாரம் தொழிற்சாலையில் அதிகம் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் இயல்பான உணவும் கொடுத்தார்கள். பரிமாறப்பட்ட காபோவைதரேற்று, கொழுப்பு, சீனி எல்லாம் இரண்டிலும் ஒத்த அளவு. விரும்பிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவைச் சாப்பிட்டபோது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோ கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, ஏறக்குறைய ஒரு கிலோ கூடினார்கள். மற்றதில் ஏறக்குறைய அதே அளவு குறைந்தார்கள். ஆகவே “காபோவைதரேற்று” என்று ஒரே பெயரில் தவிட்டோடு உள்ள சிவப்பரிசிச் சோற்றையும், கௌபியையும், பணிஸையும், போத்தல் பானத்தையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவது சரியல்ல. நமது நாட்டில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களில் காட்டுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. எத்தனை பேர் அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு மூடியைத் திறக்கிறோம்?

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். என் உம்மாவுக்கு நீரிழிவு உண்டு. அவருக்குச் சோற்றின் அளவு மிக முக்கியம். ஏனெனில் அது அவருடைய இரத்தத்தில் குளுக்கோசை உடனே ஏற்றுகிறது. தெற்காசியரான நமக்குக் குறைந்த உடல் நிறையிலேயே இந்த ஆபத்துத் தொடங்குகிறது என்பதால்தான், உடற்றிணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே ஆசிய மக்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியது. ஆனால் உம்மாவுக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த சாப்பாட்டு அளவு உம்மாவுக்கானது. அதைப் பதினாறு வயதுப் பிள்ளையின் பீங்கானுக்கு மாற்ற முடியாது. பத்தொன்பது வயது வரை நிறையைப் பார்ப்பதற்கு வயதுக்கேற்ற தனி அட்டவணை இருக்கிறது. வளரும் எலும்புக்கும், மாதந்தோறும் இழக்கும் இரும்புச் சத்துக்கும், இரவு படிப்பதற்கும் உணவு வேண்டும். மூளை அதிகம் எரிப்பது குளுக்கோசைத்தான்.

ராத்தாவின் தலைசுற்றலுக்காக உம்மா அவரை வைத்தியரிடம் கூட்டிப் போனார். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு என்று தெரியவந்தது. வைத்தியர் சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. பீங்கானில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு மீன் அல்லது பருப்பு, கால் பங்கு சோறு என்று கையால் கோடு போட்டுக் காட்டினார். தேநீரில் சீனியைப் படிப்படியாகக் குறைக்கவும், சாப்பிட்ட உடனே தேநீர் குடிக்காமல் இருக்கவும், நடக்கவும் சொன்னார். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்று சிறுவயதிலேயே மத்ரசாவில் படித்த எங்களுக்கு அந்த அளவு புதிதாகத் தெரியவில்லை. இப்போது அஸருக்குப் பின் உம்மாவும் ராத்தாவும் சேர்ந்து நடக்கிறார்கள். ஆறு மாதத்தில் ராத்தாவுக்கு மூன்று கிலோ குறைந்திருக்கிறது. மெதுவாகத்தான். ஆனால் ஒரு வலீமாவோடு அது திரும்பி வரவில்லை.

இதை வாசிக்கும் தோழிகளிடம் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். இடைவேளையில் வெள்ளரிக்காய்த் துண்டு இரண்டோடு பெட்டியை மூடிவிட்டு, மூன்றாம் பாடவேளையில் மேசையில் தலை வைத்துப் படுப்பவர்கள் எங்கள் வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர், பசித்திருப்பவர்கள்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் நிறை உண்மையிலேயே கவலை தருவதாக இருந்தால் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கூட்டிப் போங்கள். வீட்டில் எண்ணெயையும் சீனியையும் எல்லோருக்குமாகக் குறையுங்கள். மகளுக்கு மட்டும் அல்ல, மகனுக்கும்தான். ஆனால் அவள் பீங்கானுக்கு முன்னால் இருக்கும்போது, “போதும், இனி வேணாம்” என்று அவளுடைய உடம்பைப் பார்த்துச் சொல்லாதீர்கள். நமது வாப்பாமார் எவ்வளவோ கஷ்டத்தில் அந்தச் சோற்றைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதைக் குற்ற உணர்வு இல்லாமல், அளவோடு, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட ஒரு பெண்பிள்ளைக்கு உரிமை இருக்கிறது.