படிவத்தில் எழுதாத மாத்திரை

1/ அன்டார்டிகா போய் வந்ததைப் பற்றி எழுதச் சொல்லி நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. பென்குவின் படமெல்லாம் போட்டாச்சு. சொல்லாத கதை ஒண்ணு பாக்கி இருக்கு.

2/ அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் இருந்து கிளம்பும் சின்னக் கப்பல். பயணிகள் 100 பேர்கூட இல்லை. அந்தக் கரைக்குச் சின்னக் கப்பல்தான் தோது. ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றி வந்த கப்பல் என்றால் யாரையும் இறக்கவே முடியாது.

3/ பயணத்துக்கு முன்பே மருத்துவப் படிவம் ஒன்று வரும். என்ன நோய், என்ன மாத்திரை எல்லாம் எழுதணும். ஏன்னா கப்பலில் இருப்பது ஒரு டாக்டர், ஒரு ஈசிஜி மெஷின், ஒரு மருந்து அலமாரி. கேத் லேப் கிடையாது. ரத்த வங்கி கிடையாது.

4/ முதலில் டிரேக் நீரிணையைத் தாண்டணும். சுமார் 800 கிலோமீட்டர், ஏறக்குறைய இரண்டு நாள். எங்களுக்கு வாய்த்தது மோசமான இரண்டு நாள். சாப்பாட்டு அறையில் பாதி நாற்காலி காலி. எல்லாருக்கும் வாந்தி.

5/ நான்காம் நாள் இரவு 11 மணி. வெளியே இன்னும் வெளிச்சம். கப்பல் டாக்டர் என் கதவைத் தட்டினார். "கொஞ்சம் வர முடியுமா?" அறுபதைத் தாண்டிய ஒருவர், நெஞ்சில் கை வைத்தபடி, வேர்த்துக் கொட்டிக்கொண்டு படுத்திருந்தார். ஈசிஜி எடுத்தோம். சந்தேகமே இல்லை, மாரடைப்பு.

6/ படிவத்தில் "நோய் எதுவும் இல்லை" என்று இருந்தது. அவர் மனைவிதான் அழுதுகொண்டே சொன்னார், ஐந்து மாதம் முன்பு ஸ்டென்ட் வைத்தது என்று. சொன்னால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்ற பயம். பல வருடக் கனவுப் பயணம்.

7/ ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுப்போம். அதை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைக்கலாம். இவர் மூன்று நாளாக விழுங்கியதை எல்லாம் வாந்தியில் விட்டிருக்கிறார். டாக்டரிடம் சொல்லியிருந்தால் வாந்திக்கு ஊசி போட்டு மாத்திரை வயிற்றில் நிற்க வழி செய்திருப்பார். ஆனா சொன்னா பொய் வெளியே வந்துடுமே!

8/ எங்கள் கையில் இருந்தது கட்டியைக் கரைக்கும் ஊசி மட்டும். சுமார் 100 பேரில் ஒருவருக்கு அதனால் மூளையில் ரத்தம் கசியலாம். நம்ம ஊர் ஐசியூவில் பலமுறை போட்டிருக்கிறேன். அன்றைக்கு என் கை சில்லிட்டுப் போயிருந்தது. மனைவியிடம் விளக்கிச் சொல்லிவிட்டுப் போட்டோம்.

9/ கப்பல் கிங் ஜார்ஜ் தீவுக்குத் திரும்பியது. அங்கே சிலி நாட்டின் ஓடுதளம் இருக்கிறது. ஆனால் மூடுபனி. விமானம் இறங்க ஒன்றரை நாள் ஆச்சு. அந்த ஒன்றரை நாளும் நாங்கள் இருவரும் மாறி மாறி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

10/ இனிமேல்தான் என் கதை. எனக்கு ஆறு வருடமா பிபி மாத்திரை. படிவத்தில் நானும் "எதுவும் இல்லை" என்றுதான் எழுதியிருந்தேன். டாக்டர் சான்றிதழ் அது இதுன்னு இழுப்பாங்களேன்னு சோம்பல். 'நானே டாக்டர்தானே' என்ற திமிரும் கூட.

11/ விமானம் போன பிறகு அந்த டாக்டரிடம் போய் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. என் படிவத்தை எடுத்து, பேனாவை நீட்டினார். அவ்வளவுதான். படிக்கிற காலத்தில்கூட அப்படித் தலைகுனிந்து நின்றதில்லை.

12/ அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் பம்பிங் நன்றாகவே குறைந்துவிட்டதாக அவர் மனைவி பிறகு எழுதியிருந்தார்.

13/ அன்டார்டிகாவோ அந்தமானோ, எங்கே போனாலும் மூன்று விஷயம்:

– படிவத்தில் உண்மையை எழுதுங்க. அது உங்களைத் தடுக்க அல்ல, உங்களுக்கான மருந்தை எடுத்து வைக்க.
– கடல் குமட்டலுக்கு மாத்திரையை வாந்தி வருவதற்கு முன்பே போடுங்க.
– போட்ட மாத்திரை வாந்தியில் போனால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்க.

டாக்டர்களே, இது நமக்கும்தான்.