10 ஆண்டு ராபின், 74 ஆண்டு மரியா

1974ஆம் ஆண்டில் வடக்கு ஸ்பெயினின் பில்பாவோ துறைமுகத்திலிருந்து லண்டனுக்கு ஒரு கிழட்டுச் சரக்குக் கப்பல் சொந்த நீராவியிலேயே ஓடி வந்து சேர்ந்தது. பெயர் மரியா. இன்னும் சில வாரங்கள் போயிருந்தால் உடைப்புக்காரர்கள் தகடு தகடாகக் கழற்றிப் பழைய இரும்பாக எடை போட்டிருப்பார்கள். பழங்கப்பல்களைக் காப்பதற்காக எடின்பரோ கோமகன் முன்னின்று தொடங்கிய மேரிடைம் டிரஸ்ட், கடைசி நேரத்தில் அதை விலைக்கு வாங்கிவிட்டது. அப்போது கப்பலுக்கு வயது 84.

உலகில் முழுமையாக எஞ்சியிருக்கும் மிகப் பழைய கரையோர நீராவிச் சரக்குக் கப்பல் என்று அதை இன்று சொல்கிறார்கள். போர்க்கப்பலும் உல்லாசக் கப்பலும் தப்பிப் பிழைப்பதில் வியப்பில்லை. அவற்றுக்கு ரசிகர்கள் உண்டு. நிலக்கரியும் களிமண்ணும் சுமந்த கப்பலை யார் வைத்துக்கொள்வார்கள்? அந்தக் கேள்விதான் என்னை இதன் பூர்வீகத்தைத் தோண்ட வைத்தது.

மனிதரின் பூர்வீகத்தைவிடக் கப்பலின் பூர்வீகத்தைக் கண்டுபிடிப்பது எளிது. பிரிட்டனில் 1855 முதல் பதிவான ஒவ்வொரு வணிகக் கப்பலுக்கும் அதிகாரபூர்வ எண் ஒன்று உண்டு. அதைக் கப்பலின் முதன்மை உத்தரத்தில் வெட்டிப் பொறித்துவிடுவார்கள். பெயரும் உரிமையாளரும் மாறலாம், எண் மாறாது. ஒவ்வொரு பயணத்துக்கும் மாலுமிகளோடு ஓர் ஒப்பந்தம் எழுதுவார்கள். அதில் பெயர், வயது, பிறந்த ஊர், இதற்கு முன் வேலை செய்த கப்பல், சம்பளம் எல்லாம் இருக்கும். இந்தத் தாள்கள் லட்சக்கணக்கில் குவிந்து இடம் போதாமல் போனபோது, பிரிட்டிஷ் ஆவணக் காப்பகம் ஒரு மாதிரிப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டது. 5இல் முடியும் ஆண்டுகளின் தாள்கள் கிரீனிச் கடல் அருங்காட்சியகத்துக்குப் போயின. மிச்சத்தில் பெரும்பகுதி அட்லாண்டிக்கைத் தாண்டி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. லண்டனில் கட்டிய கப்பலில் நிலக்கரி அள்ளிப் போட்டவரின் சம்பளத்தைத் தெரிந்துகொள்ள, மீன்பிடிக்குப் பேர்போன ஒரு தீவைத்தான் கேட்க வேண்டும்!

தாள்களைப் பின்தொடர்ந்தால், மரியாவின் முதல் பெயர் ராபின். 1890இல் கிழக்கு லண்டனில், தேம்ஸில் லீ ஆறு கலக்கும் போ க்ரீக் முகத்துவாரத்து ஆர்ச்சர்டு ஹவுஸ் தளத்தில் மெக்கன்சி, மெக்கல்பைன் நிறுவனம் கட்டியது. கூடவே பிறந்த தங்கைக் கப்பலுக்கு ரூக் என்று பெயர். இரண்டுமே பறவைப் பெயர்கள். ராபின் சுமார் 143 அடி நீளம், 23 அடி அகலம். பக்கத்திலேயே தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் 'வாரியர்' என்ற இரும்புப் போர்க்கப்பலை மிதக்கவிட்டு உலகக் கடற்படைகளைக் கலங்கடித்த பட்டறை அது. 1895இல் அங்கிருந்த தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய கால்பந்துக் குழுதான் இன்றைய வெஸ்ட் ஹாம் யுனைடெட். அதன் சின்னத்தில் இன்றும் இருக்கும் இரண்டு சுத்தியல்களும் ரிவெட் அடித்தவர்களுடையவை.

ஆனால் ராபினின் என்ஜின் லண்டனில் பிறந்ததல்ல. உடலை மட்டும் தேம்ஸில் இறக்கிவிட்டு, ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்குக் கொண்டுபோய், அங்கே கூர்லே சகோதரர்களின் பட்டறையில் என்ஜினைப் பொருத்தினார்கள். முதலில் படித்தபோது வீண் அலைச்சலாகத்தான் தோன்றியது. ஆனால் தேம்ஸின் கப்பல் தொழில் அப்போதே நொடித்துக்கொண்டிருந்தது. இரும்பும் நிலக்கரியும் வடக்கே கிடைத்தன. லண்டனில் நிலமும் கூலியும் விலை அதிகம். கிளைடு, டைன் ஆற்றங்கரைப் பட்டறைகளோடு லண்டனால் போட்டி போட முடியவில்லை. வாரியரைக் கட்டிய தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸே 1912இல் இழுத்து மூடப்பட்டது. இந்தச் சின்னக் கப்பலின் அலைச்சலில் ஒரு தொழில் ஊர் மாறிப் போன கதை இருக்கிறது.

என்ஜின் மூன்று சிலிண்டர் கொண்டது. கரும்புச் சாறு கடையில் ஒருமுறை பிழிந்த கரும்பை மடித்து மறுபடியும் உருளைக்குள் விடுவார்களே, அதேபோல் ஒரே நீராவியை மூன்று முறை வேலை வாங்கும் முறை இது. முதல் சிலிண்டரில் அழுத்தம் மிக அதிகம். அங்கே விரிந்து களைத்த நீராவி அதைவிடப் பெரிய இரண்டாவதுக்கும், பிறகு எல்லாவற்றிலும் பெரிய மூன்றாவதுக்கும் போகும். எரியும் நிலக்கரி குறைந்தது. நிலக்கரி அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் சரக்கு ஏற்ற முடிந்தது. 1881இல் 'அபர்டீன்' என்ற கப்பல் இந்த என்ஜினோடு ஆஸ்திரேலியா வரை போய் இதன் சிக்கனத்தை நிரூபித்திருந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் கரையோரக் குட்டிக் கப்பல்களுக்கும் அது வந்துவிட்டது. பாய்மரக் கப்பல்களின் பிழைப்பில் மண் விழுந்ததற்கு வேகத்தைவிட இந்தச் சிக்கனமே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

1890 டிசம்பரில் லிவர்பூலில் ராபினின் உழைப்பு தொடங்கியது. முதல் பயணம் பிரான்சின் பயோன் துறைமுகத்துக்கு. கேப்டன், என்ஜினியர், ஃபயர்மேன், சமையல்காரர் எல்லோரும் சேர்த்து ஒரு டஜன் பேர். சரக்கு இன்னதென்று கிடையாது. தானியம், இரும்புத் தாது, பழைய இரும்பு, சீனக் களிமண், தண்டவாளம், சுரங்கக் கூரைக்கு முட்டுக்கொடுக்கும் மரம், பீப்பாயில் அடைத்த உணவு என்று கிடைத்ததை ஏற்றி, கேட்ட ஊரில் இறக்கியது. ரயில் எங்கும் போய்விட்ட காலத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். கனமான, மலிவான, அவசரமில்லாத சரக்குக்குக் கடல்வழிதான் கட்டுபடியாகும். ஜான் மேஸ்ஃபீல்டின் 'கார்கோஸ்' கவிதையில் பழங்காலத்து ஆடம்பரக் கப்பல்கள் இரண்டுக்குப் பின்னால் புகைபோக்கியில் உப்புப் படிந்து வருகிற மூன்றாவது கப்பல் இந்தச் சாதிதான்.

1892இல் ராபின் கிளாஸ்கோ உரிமையாளர் ஒருவரின் கைக்குப் போனது. 1900இல் பில்பாவோவின் பிளாங்கோ ஹெர்மானோஸ் வாங்கி மரியா என்று பெயர் வைத்தது.

வெளிநாட்டவருக்கு விற்ற கப்பலின் பதிவை பிரிட்டன் மூடிவிடும். அதிகாரபூர்வ எண்ணுக்கு அதன்பின் வேலையில்லை. மாலுமி ஒப்பந்தங்களும் நின்றுவிடும். பத்தாண்டு ராபினுக்கு இத்தனை தாள்கள் இருக்க, எழுபத்து நான்கு ஆண்டு மரியாவைப் பற்றி ஆங்கில நூல்களில் கிடைப்பது சில பத்திகளே. பிரிட்டிஷ் காகிதங்களை மட்டும் நம்பினால் இந்தக் கப்பல் பிறந்ததும் நேராக அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது போலத்தான் தெரியும்.

பில்பாவோ அன்று பணம் புழங்கிய ஊர். சுற்றியிருந்த மலைகளின் இரும்புத் தாது பிரிட்டனின் உலைகளுக்குப் போனது, அங்கிருந்து நிலக்கரி வந்தது. அந்த வருமானத்தில் பாஸ்க் வணிகர்கள் பிரிட்டனின் பழைய நீராவிக் கப்பல்களை வாங்கிக் குவித்தார்கள். முதல் உலகப் போரில் ஸ்பெயின் நடுநிலை நாடு. ஆனாலும் ஜெர்மன் நீர்மூழ்கிகள் ஸ்பெயின் கப்பல்களையும் மூழ்கடித்தன. மரியா அப்போது பிரெஞ்சு அரசுக்காக சாந்தாந்தேரிலிருந்து பயோனுக்கும் போர்தோவுக்கும் இரும்புப் பாளங்களைச் சுமந்தது. துணைக்குப் போர்க்கப்பல்கள் இரண்டு வந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் டீசல் கப்பல்கள் பெருகின. நீராவிக் கரையோரக் கப்பல்கள் வரிசையாக உடைப்புக்குப் போயின. ராபின் அங்கேயே இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். உள்நாட்டுப் போரில் சிதைந்து, வெளி வணிகமும் சுருங்கி, புதுக் கப்பல் வாங்கக் காசில்லாத ஸ்பெயினில் இருந்ததைப் பழுதுபார்த்து ஓட்டுவது தவிர வழியில்லை. இந்தக் கப்பலைக் காப்பாற்றியது அந்த வறுமைதான் என்பேன். 1966இல்கூட மரியாவுக்கு ஒரு பெரிய மராமத்து நடந்தது. பின்பாய்மரத்தை எடுத்தார்கள், புகைபோக்கியைக் குட்டையாக்கினார்கள், நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிக்க ஏற்பாடு செய்தார்கள். டண்டீயில் பொருத்திய என்ஜினை மட்டும் மாற்றவில்லை. அது ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

லண்டனுக்கு வந்த மரியாவை 1974-75இல் ராச்செஸ்டர் தளத்தில் ஏற்றிப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். புகைபோக்கி மறுபடி உயர்ந்தது, பாய்மரம் திரும்பியது, ராபின் என்ற பெயரும் வந்தது. ஸ்பெயின் மாலுமிகள் தங்கள் வசதிக்குச் செய்துகொண்ட மாற்றங்கள் போயின. இதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. பிறந்தபோது எப்படி இருந்தது என்று காட்டுவதற்காக, எப்படிப் பிழைத்தது என்பதற்கான தடயங்களை அகற்றிவிட்டார்கள்.

அடுத்த முறை சற்று நிதானம் தெரிந்தது. செயின்ட் கேதரின்ஸ் டாக்கில் நின்று, பிறகு வெஸ்ட் இண்டியா கீக்கு இடம் மாறி, கேட்பாரற்றுக் கிடந்த ராபினை ஒரு தம்பதி 1 பவுண்டுக்கு வாங்கினார்கள். 2008இல் லோஸ்டாஃப்ட் தளத்தில் ஏற்றிச் சோதித்தபோது, அடித்தகடுகள் இனிக் கடல் தாங்காது என்று தெரிந்தது. எல்லாவற்றையும் புதிதாக மாற்றினால் மிதக்கும், ஆனால் பழைய தகடு மிஞ்சாது. அதனால் ஒரு பெரிய மிதவை மேடையைக் கட்டி, 2010இல் கப்பலை அப்படியே தூக்கி அதன்மேல் வைத்துவிட்டார்கள்; ஓட்டை விழுந்த தகடுகளும் டண்டீ என்ஜினும் அதில் அப்படியே இருக்கின்றன.