அணைக்கும் முன் ஒரு நிமிடம்

பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "நமக்கு முன்னாடியே எழுப்பி வெச்சிருக்காங்க தம்பி."

காலை ஏழு மணி. நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன். இரவெல்லாம் ஆறிக் கிடந்த இன்ஜின் முதல்முறை ஸ்டார்ட் ஆகும்போதுதான் உள்ளதைச் சொல்லும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை அடர்த்தியாக வந்து, நேரமாகியும் நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. டைமிங் செயின் தளர்ந்திருந்தால் முதல் சில விநாடிகள் கடகடவென்று ஒரு சத்தம் கேட்கும். சூடேறிய பிறகு இவற்றில் பாதி அடங்கிவிடும். புரோக்கர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

நான் தேடியது ஐரோப்பிய டர்போ பெட்ரோல் செடான் ஒன்று. பெயர் வேண்டாம். புதிதாக 28 லட்சம், இப்போது 9 லட்சம். இந்தக் கணக்கைச் சொல்லித்தான் வீட்டில் சம்மதம் வாங்கியிருந்தேன். அண்ணன் அதையும் கலைத்தார். "வண்டி விலைதான் இறங்கியிருக்கு. பார்ட்ஸ் விலை அந்த 28 லட்சத்து வண்டிக்கு உண்டானதுதான்." யானையைக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம், அதற்காக அது குறைவாகத் தின்னாது.

அண்ணன் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் வண்டிகளோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டியவர். வேக வண்டி என்றாலே சீக்கிரம் படுத்துவிடும் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. 1997இல் வந்த போர்ஷே 911, நீரால் குளிரூட்டப்பட்ட முதல் 911. அதன் சாதாரண மாடல்களில் இன்ஜினின் இடைத் தண்டைத் தாங்கும் ஒரு சிறிய பேரிங் உண்டு. கைக்குள் அடங்கிவிடும் பொருள். அது உடைந்தால் இரும்புத் துகள் ஆயிலோடு ஊரெல்லாம் சுற்றி, வால்வுகளின் தாளம் தப்பி, முழு இன்ஜினும் போய்விடும். அமெரிக்காவில் வண்டிக்காரர்கள் கூட்டாக வழக்குப் போட்டு, சமரசம்வரை போன விவகாரம் இது. ஆனால் அதே தலைமுறையில் இன்னும் வேகமான 911 டர்போவிலும் ஜிடி3இலும் இந்தத் தொல்லை கிடையாது. அவற்றில் இருந்தது ஹான்ஸ் மெட்ஸ்கர் வழிவந்த, பந்தயத்தில் புடம் போட்ட வேறு இன்ஜின். வேகம் கூடக்கூட நம்பிக்கை குறையும் என்ற கணக்கு அங்கே தலைகீழாகிப் போனது.

இன்னொன்று பிஎம்டபிள்யூ எம்3. 2000களின் தொடக்கத்தில் வந்தது, 8000 சுற்றுவரை பாடும் இன்ஜின். அதன் கனெக்டிங் ராடு பேரிங்குகள் தேய்ந்து, கம்பெனியே அழைத்து மாற்றிக் கொடுத்தது. அந்தக் காரில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சுற்றுமானியின் விளிம்பில் வரிசையாகச் சிறு விளக்குகள். இன்ஜின் ஆறியிருக்கும்போது அவை எரியும். இந்த அளவுக்கு மேல் மிதிக்காதே என்று பொருள். ஆயில் சூடேற ஏற ஒவ்வொன்றாக அணையும். பொறு என்று வண்டியே கேட்கிறது. முன்பு ஓட்டியவர் பொறுத்தாரா, மிதித்தாரா என்பதைத்தான் எந்த ஆவணத்திலும் எழுதி வைப்பதில்லை.

இரண்டாவது வண்டி பீளமேட்டில். பளபளவென்று இருந்தது. மீட்டரில் 31,000 கிலோமீட்டர். அண்ணன் ஸ்கேனரைச் செருகினார். பிழை ஒன்றுமில்லை என்று வந்தது. நான் மலர்ந்தேன். அவர் அடுத்த பக்கத்தைத் தட்டினார். வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததைக் காட்டும் வரிகள் அத்தனையும் 'முடியவில்லை' என்று நின்றன. பழைய பிழைகளை யாரோ அழித்திருந்தால் அப்படித்தான் வரும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் வரும். "நேத்துதான் பேட்டரி மாத்தினோம்ங்க" என்றார் விற்பவர். பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்தது.

மூன்றாவது, பொள்ளாச்சி ரோட்டில், மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடையது. 84,000 கிலோமீட்டர் ஓடியது. முன் பம்பரில் கீறல். நான்கு டயர்களிலும் ஒரே நான்கு இலக்கம்: 2219. அதாவது 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். நான்கையும் ஒன்றாக, ஒரே கம்பெனியில் மாற்றியிருக்கிறார். இரண்டு நல்லதும் இரண்டு மலிவானதுமாகப் போட்டு ஓட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்னென்ன செய்திருப்பார் என்று யோசிக்க வேண்டியிருக்கும். பில் ஃபைலில் ஆயில் மாற்றிய தேதிகள் அவர் கையெழுத்தில் இருந்தன. கம்பெனி சொன்ன கெடுவில் பாதியிலேயே ஒவ்வொரு முறையும் மாற்றியிருந்தார்.

அண்ணன் ஃபைலைப் புரட்டவே இல்லை. டெஸ்ட் டிரைவ் முடிந்து பெரியவர்தான் வண்டியை வாசலில் நிறுத்தினார். நிறுத்தியவர் சாவியைத் திருப்பவில்லை. இன்ஜின் சன்னமாக ஓடிக்கொண்டிருக்க, மகள் ஓசூரில் இருப்பதைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் கழித்து, பேச்சு நடுவிலேயே, கை தானாகப் போய் அணைத்தது. அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார்.

டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சக்கரம். அதன் ஒரு பக்கம் 900 டிகிரியை நெருங்கும் புகை. நடுவில் மெல்லிய ஆயில் படலம். விரட்டி ஓட்டிவந்து சட்டென்று அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, தேங்கிய ஆயில் அங்கேயே கருகிப் பிடிக்கும். கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்தாலும் போதும். அணைத்த பிறகும் கூலன்டைச் சுற்றவைக்கும் பம்ப் பல புது வண்டிகளில் இருக்கிறது. பெரியவருக்கு அது தெரியாமலும் இருக்கலாம். அவர் கைக்குப் பழக்கம்.

விலையில் 30,000 குறைத்தார். கீறலுக்கு.

நான்கு மாதத்தில் வாட்டர் பம்ப் ஒழுகியது. ஸ்பேர் வர பன்னிரண்டு நாள். அதுவரை அவிநாசி ரோட்டில் டவுன் பஸ். எனக்குப் பெரியவர் மேல் வருத்தமில்லை. அந்த பம்பின் ஆயுள் அவ்வளவுதான் என்று அண்ணன் முதல் நாளே சொல்லி, அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கச் சொல்லியிருந்தார். நான் ஒதுக்கவில்லை, அது வேறு கதை.

இப்போது இரவு வீடு திரும்பினால் மனைவி பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய், கதவைத் திறந்து, விளக்கையும் போட்டுவிடுவாள். நான் இருட்டில், ஓடும் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பேன். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் தட்டினார்.

"ஏனுங்க தம்பி, வீட்டுல ஏதாச்சும் சண்டைங்களா?"